முதல் பஸ்ஸில் கேட்ட குரல்

விடியற்காலையில் என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார். எனக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். ஸ்பீக்கரில் ஆண் குரல்தான்.

"இன்னிக்கு எறியப்போறவன் இடதுகைக்காரன். அவனை இவங்களால அடிக்க முடியாது. கண்ணை மூடிட்டுப் போடுங்க."

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அவர்களுக்குச் சாயங்காலம், நமக்கு விடிகாலை. எறிகிறவன் கை ஓங்குமா, அடிக்கிறவன் கை ஓங்குமா என்று ஒருவன் தினமும் குரல் பதிவு அனுப்புவான். அதைக் கேட்டு இவர் போனிலேயே டீம் கட்டிப் பணம் போடுவார். டீம் பெயர்கள் என் வாயில் நுழையாது. தொப்பி நிறத்தை வைத்துத்தான் அடையாளம்.

வயலுக்குத் தண்ணீர் வைக்கிற நேரமும் அதுதான். நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"நடவு ஆளுக்குச் சொல்லலியாங்க?"

"பொறு. நாலஞ்சு நாளா அவன் சொன்னது ஒண்ணுகூடத் தப்பல. இன்னிக்கு மத்தியானம் அவனோட வி.ஐ.பி குரூப்புக்குப் பணம் கட்டிட்டா, அப்புறம் வயல்ல காலே வைக்க வேணாம். குத்தகையை விட்டுடலாம்."

கட்டப்போவது நடவுக் கூலிக்கு எடுத்து வைத்த பணம். ஒன்றுகூடத் தப்பவில்லை என்றதுதான் எனக்கு உறுத்தியது. மழை வரும் என்று டிவியில் சொல்கிறவர்களுக்கே பாதி நாள் தப்புகிறது.

அன்று என் அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் குடவாசலில் திருவாரூர் முதல் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒருவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். ஆனால் குரல் அதே குரல். விடியற்காலையில் கேட்ட அதே ஆட்டம், அதே இடதுகைக்காரன். வீட்டில் சிவப்புத் தொப்பி ஜெயிக்கும் என்றவன், இங்கே நீலத் தொப்பி என்றான்.

ரேஷன் கடையில் என் முறை வந்தாலும் வாய் திறக்காதவள் நான். இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் கேட்டேன்.

"அண்ணே, அதை இன்னொருவாட்டி போடுறீங்களா?"

"என்னக்கா, நீங்களும் டீம் கட்டுறீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "கட்டட்டுமேப்பா, நீ கட்டி என்னத்தக் கிழிச்ச!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

"எங்க வீட்ல கட்டுறாங்க. அவங்களுக்குச் சிவப்புன்னு சொல்லியிருக்கான்."

அவர் சிரிப்பு நின்றுபோனது. என் நம்பரை வாங்கி அந்தப் பதிவை அனுப்பினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்தேன். மாத்திரை மறுநாளைக்கு என்று விட்டேன்.

இவர் நாற்றங்கால் வரப்பில் நின்றிருந்தார். என் போனில் அந்தப் பதிவைப் போட்டேன். தன் போனில் இருந்ததையும் போட்டுக் கேட்டார்.

"வேற குரூப்புக்கு அனுப்பியிருப்பான்," என்றார்.

"அதத்தாங்க நானும் சொல்றேன். பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்கு நீலம். எது ஜெயிச்சாலும் பாதிப் பேருக்கு அவன் சாமி. தோத்தவன் கழண்டுக்குவான், மிஞ்சினவங்கள மறுநாள் மறுபடி ரெண்டாப் பிரிப்பான். இத்தன நாளா நாம ஜெயிச்ச பக்கத்துல நின்னுட்டோம், அவ்வளவுதான்."

ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"வாய்க்கால் மடை திறக்குறவன் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் ஒரே நாள்ல 'இன்னிக்கு உங்க முறை'ன்னு சொன்னான்னு அடிக்கப் போனவன் நான்," என்றார். அப்புறம் நடவுக்கு ஆள் கூட்டி வரும் பெண்ணுக்குப் போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா? நாத்து கிழவியான பொறவு கல்யாணமா?"

"முத்துன நாத்துதான், குத்துக்கு ரெண்டு நாத்து சேத்து வைங்கம்மா. நாளைக்கு வந்துடுங்க."

வந்தார்கள், நட்டார்கள். குத்தகை நிலம் கையை விட்டுப் போகவில்லை.

போன மாதம் காதில் மாட்டும் ஒயர் ஒன்று வாங்கியிருக்கிறார். பாட்டுக் கேட்க என்கிறார். விடியற்காலையில் அப்படி என்ன பாட்டு?

"ஸ்பீக்கர்லயே போடுங்க, நானும் கேக்குறேன்," என்று சொல்லியிருக்கிறேன்.