பூசை நோட்டின் வலப்பக்கம்

ராயப்பன்பட்டிக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்று எழுத ஒரு நோட்டு உண்டு. இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்கு. வலப்பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. மூன்றாவது பக்கம் கிடையாது. திருச்சபைக்கு இரண்டாயிரம் வருடமாக அது தேவைப்படவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டப் போகும் மதலேனாளுக்குத் தேவைப்பட்டது. அவள் மகன் சகாய பிரவீன், ராணுவச் சிப்பாய், வடக்கு எல்லையில் பனிச்சரிவில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. தேடிக் களைத்த ராணுவம், இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று கடிதம் அனுப்பியது. மதலேனாள் அப்படிக் கருதவில்லை. சனிக்கிழமைதோறும் மகன் பெயரை இடப்பக்கமே எழுதவைத்தாள்.

அரசு தரும் நிவாரணத்துக்கு மனைவி, தாய் இருவரும் அவன் இறந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மருமகள் அனிதா மேரி அழுதுகொண்டே போட்டுவிட்டாள். மாமியார் அழவுமில்லை, போடவுமில்லை. பேத்தி ஷெரினின் பள்ளிக்கூடம் கட்டணம் கட்டச் சொன்ன கடைசித் தேதி நெருங்கியது.

தேனி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து முத்துக்குமரன் மூன்றாம் முறையாக வந்தார். அவரும் ராணுவத்தில் இருந்தவர்தான். இடது கால் செயற்கைக் கால்.

"ஆத்தா, இது வெறும் காகிதம்."

"வெறும் காகிதத்துக்கா இந்தக் காலை வச்சுக்கிட்டு மூணு வாட்டி வாறீக?"

அவர் சிரித்தார். "பனி தின்ன காலு ஆத்தா. வெட்டட்டும்னு நானேதான் கையெழுத்துப் போட்டேன்."

அனிதா மேரி சொன்னாள்: "அத்தை, நான் மட்டும் ஆசைப்பட்டா போட்டேன்?"

மதலேனாள் பேனாவைக் கேட்டாள். பெயரின் ஐந்து எழுத்தை எழுத ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அரசாங்கம் அவளிடம் பார்த்த ஒரே தாமதம் இது என்று சொல்ல முடியாது. ஆனால் இது கடைசி.

சனிக்கிழமை, நோட்டு எழுதும் கோயில் பணியாளர், கோயில்பிள்ளை மரிய ஜோசப், வழக்கப்படி கேட்காமலே இடப்பக்கம் பேனாவை வைத்தார். அவள் நோட்டின் மேல் கை வைத்தாள்.

"அந்தப் பக்கம் எழுதுங்கய்யா."

"அது கவர்மெண்டுக்குப் போட்டது மதலேனா. சாமிகிட்ட பழையபடியே இருக்கட்டுமே."

"அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு சொன்னா பொய்யில்லையா?"

அவர் எழுதினார். பேனா நடுவில் ஒருமுறை நின்றது; மை தீரவில்லை.

வாசல் வரை போன மதலேனாள் அவசரமாகத் திரும்பி வந்தாள்.

"ஐயா, இந்த வாரத்துக்கு மட்டும்தான். அடுத்த வாரத்துக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."