எச்சில் விதை

நடந்தது இவ்வளவுதான்:

1. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பல நாள் வெள்ளிமலைக்குப் பேருந்து வரவில்லை.
2. விழுந்த மரங்களுக்கு ஈடாக மலைச்சரிவில் நெல்லி நடும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. சாலைப் புளிக்கு மலை நெல்லி எப்படி ஈடு என்று யாரும் கேட்கவில்லை. கோப்புக்கு எல்லாம் மரம்தான்.
3. விதை சேகரிக்க மலைப்பெண்கள் நால்வரைத் தினக்கூலிக்கு எடுத்தோம்.
4. ஒருவரை நீக்கினோம்.

தாவரவியல் படித்துவிட்டு வெள்ளிமலை வனத்துறை நாற்றங்காலில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். எங்கள் அதிகாரி டீக்கடை டம்ளரைத் தன் கையாலேயே கழுவினால்தான் குடிப்பார். விதையிலும் அதே சுத்தம்: மரத்தில் கையால் பறித்த காய்தான் வேண்டும், தரையில் கிடந்தது ஆகாது. மூன்று பெண்கள் பச்சைக்காயாகப் பறித்து வந்தார்கள். நான்காமவர் கணவரை இழந்தவர். அவர் கூலியில்தான் இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டன. அவர் கொண்டுவந்தது சதை துளியும் ஒட்டாத காய்ந்த கொட்டைகள்.

அதிகாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்து மகிழ்ந்தார். “இதும்மா விதை! எப்டி இவ்ளோ சுத்தமா எடுத்த?”

“நான் எங்கங்க எடுத்தேன்? மான் பழத்தத் தின்னுட்டு, படுக்கிற எடத்துல அசை போட்டுக்கினு கொட்டையத் துப்பிடுங்க. அதப் பொறுக்கியாந்தேன்.”

அதிகாரி கையிலிருந்தது கீழே விழுந்தது. “எச்சிலையா என் கையில குடுத்த?”

“மானு எச்சில்தானுங்களே ஐயா. எங்க வூட்டு எச்சிலா குடுத்தேன்?”

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை.

“எழுதும்மா,” என்றார் அதிகாரி என்னிடம். “விதைன்னா ஒரு தகுதி வேணும்.” அந்த நாட்களில் எல்லார் வாயிலும் தகுதி இருந்தது; கொட்டைக்கும் அதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். என் வேலை நீட்டிப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும். ‘எச்சில் விதை கொடுத்து ஏமாற்றினார்’ என்று எழுதினேன்.

கொட்டிய விதைகளைக் கடைசிப் பாத்தியில் போட அனுமதி கேட்டேன். “போடு, நாறட்டும்,” என்றார்.

நாறியவை கையால் பறித்த காயின் விதை போட்ட பாத்திகள். முற்றாத காயில் விதையும் முற்றியிருக்காது. மான் உதிர்ந்த பழத்தைத் தின்கிறது. சதையை எடுத்துக்கொண்டு, தாய் மரத்தின் நிழலுக்கு வெகுதூரத்தில் கொட்டையைப் போடுகிறது. முற்றியதைத் தேர்ந்து, உரித்து, ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் இந்த வேலைக்கு அது சம்பளம் கேட்பதில்லை. எங்கள் கோப்பில் அதன் பெயர் ‘நாற்று தின்னி’. விரட்ட முள்வேலி கேட்டிருந்தோம்.

மழைக்குப் பின் கடைசிப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. மேலதிகாரிகள் பார்வையிட வந்தபோது அங்கே ஒரு பலகை நடப்பட்டிருந்தது: ‘தேர்வு செய்யப்பட்ட விதை’.

அன்று மாலை அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

“கூப்டலாம்மா. ஆனா ஏமாத்துனாங்கன்னு ஃபைல்ல இருக்குதே. நீதானே எழுதின?”

இந்த வருடம் மான் படுக்கும் இடங்களில் விதை பொறுக்க உத்தரவாகியிருக்கிறது. மற்ற மூன்று பெண்களும் பொறுக்குகிறார்கள். அந்த அக்கா கரும்பு வெட்ட மலையிறங்கிப் போகிறார். எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. நான் எழுதிய குறிப்பை இன்னும் திருத்தவில்லை.