பச்சைப் புள்ளிக்காரர்

நாரிஸ் பன்டிங் இங்கிலாந்தில் பெல்ப்பர் ஊரில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக எரிவாயு மீட்டர் பார்த்தவர். தட்டைப் பாதம் என்பதால் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் அவர் வீட்டு அலமாரிகளில் ஓர் அங்குல உயரமுள்ள இரண்டாயிரம் ஈயச் சிப்பாய்கள் நின்றார்கள். ஒவ்வொருவனுக்கும் மீசைவரை அவரே வண்ணம் தீட்டியிருந்தார்.

இடுப்பு மூட்டு மாற்றி அவர் வீடு திரும்பியபோது, குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் என்னை அனுப்பினார்கள். முதல் நாளே என்னைத் தரம் பிரித்துவிட்டார்.

அந்தச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் அவருடைய போர் விளையாட்டில் எல்லாப் படைக்கும் தரம் உண்டு. சிப்பாய்கள் நிற்கும் அட்டையின் அடியில் ஒரு புள்ளி இருக்கும். பச்சை என்றால் புதுப்படை. எதிரி சுடும்போது பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் அது நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். வெள்ளை என்றால் பழகிய படை, அதற்கு நாலு போதும். சிவப்பு என்றால் தேறிய படை, மூன்று விழுந்தாலே அசையாது. மூன்று சண்டையில் ஓடாமல் நின்றால் ஒரு தரம் ஏறலாம். முப்பத்து நாலு வருஷம் நோயாளிகளைத் தூக்கி நிமிர்த்திய எனக்கு அவர் கொடுத்தது வெள்ளைப் புள்ளி.

"முட்டை உடைஞ்சுடுச்சே, வாத்து," என்று காலை உணவுத் தட்டைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் ஒருவரை வாத்து என்று கூப்பிடுவது மரியாதைதான். "மூணு நாள் உடையாம வரட்டும், அப்புறம் பார்ப்போம்."

அவருடைய போர் விளையாட்டுச் சங்கம் சனிக்கிழமைதோறும் தேவாலயத்துக் கூடத்தில் கூடும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கீழ்க்கூடத்தைக் குழந்தைகளின் நடன வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். சங்கம் மாடிக்குப் போனது. பதினாலு படி. மூன்று வாரத்தில் வருஷத்துப் பெரிய போர். நாரிஸ் ஏறமுடியாவிட்டால் அவர் படையைச் சங்கத்துக் கெய்த் ஆல்சப் நடத்துவார் என்று முடிவாகியிருந்தது. நாற்காலியோடு தூக்கிப் போகிறோம் என்று சங்கத்தார் சொன்னதற்கு, தான் பியானோ இல்லை என்று பதில் அனுப்பினார்.

வீட்டுப் படியில் பழகலாம் என்றேன். கேட்கவில்லை. "இந்த ஊர்ல நான் ஏறாத படி இல்ல. படி விஷயத்துல நான் சிவப்புப் புள்ளி."

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்பது ஆஸ்பத்திரிப் பாடம். இவரோ முப்பத்தோரு வருஷமாக இடது காலை முதலில் வைத்தவர். இப்போது வலிக்கிற காலும் அதுதான். வியாழக்கிழமை நான் வருமுன் தனியாக ஏறப் பார்த்திருக்கிறார். நான் கதவைத் திறந்தபோது மூன்றாம் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரில் ஒட்டிய தாளின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை.

இறக்கி உட்காரவைத்தேன். அவர் கைப்பட எழுதிய விதிப்புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"படிங்க, நாரிஸ்."

பழைய படை ஆட்களை இழந்து புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டால், பெயர் எவ்வளவு பழசானாலும் அது மறுபடி பச்சைதான் என்று எழுதியிருந்தது.

"அது படைக்கு எழுதினது."

"உங்க இடுப்பு வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகுது. ஒரு சண்டைகூட பார்க்கல."

அவர் பக்கத்தைத் திருப்பி அடுத்த விதியில் விரல் வைத்தார். புதுப்படையோடு ஓர் அதிகாரி சேர்ந்து நின்றால் பகடைக்கு ஒன்று கூடும்.

"அப்போ நீங்க பின்னாடியே வரணும். பகடையில ஒண்ணு விழுந்தா அதிகாரியும் காலி, தெரியும்ல?"

"நீங்க என் மேல விழுந்தா நான் காலிதான். வலது காலை வைங்க."

அன்றிலிருந்து போர் நாள்வரை தினமும் இரண்டு வேளை ஏறி இறங்கினோம். அவர் திட்டினார், நான் எண்ணினேன்.

சனிக்கிழமை பதினாலு படியையும் ஏறினார். ஒன்பதாவதில் மூச்சு வாங்க நின்றபோது, கெய்த் மேலிருந்து எட்டிப் பார்த்து, படையைத் தானே நடத்தட்டுமா என்று கேட்டார்.

"நீ நடத்தினா முதல் குண்டுக்கே எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க," என்று சொல்லிவிட்டு மீதி ஐந்தையும் நிற்காமல் ஏறினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு புதுப் பட்டாளத்துக்கு வண்ணம் தீட்டியிருந்தார். புதிதாகத் தீட்டிய படை முதல் சண்டையில் ஓடிவிடும் என்று அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். அது இரண்டாம் சுற்றிலேயே ஓடியது. போரிலும் நாரிஸ் தோற்றார். ஆனாலும் முகத்தில் ஏதோ திருப்தி. படைகளின் தரத்தை அவர் குறித்துவைக்கும் நோட்டை எட்டிப் பார்த்தேன். "ந. பன்டிங், படிகள்" என்று எழுதி, பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார்.

பேனாவை வாங்கி அந்தப் புள்ளியை அடித்தேன்.

"மூணு சண்டை, நாரிஸ். ஒண்ணுதான் ஆச்சு. வீட்டுப் படி கணக்குல வராது."

இறங்கும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலு படியிலும் வலிக்கிற காலைத்தான் முதலில் வைத்தார்.