என் தடத்தில் வந்தவன்

நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்று யாராவது வாயெடுத்தாலே, "போய் வேலையப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். அதே வாயால்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஓலு, பூமியின் வடகோடியில் இருக்கிற பனி ஊர். ஜனவரியில் காலை பத்து மணி வரை இருட்டு. அந்தக் குளிரிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிற கூட்டம் ஒன்று இங்கே உண்டு. புருவத்தில் பனி உறைந்து, மூக்கு ஒழுக வந்து நின்று, ஏதோ போரில் ஜெயித்தவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். அதிலும் வெய்யோ இருக்கிறானே! நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவன். இருபது குளிர்காலம் சைக்கிளிலேயே வந்தேன் என்று தினமும் பீற்றிக்கொள்வான்.

என் கெட்ட நேரம், நானும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதாயிற்று. பேருந்தை நம்பி இரண்டு முறை தாமதமாகப் போனேன். மேற்பார்வையாளர் மிர்யா கூப்பிட்டாள்.

"ஹெல்கா, ஏழு மணின்னா ஏழு மணி. இன்னொரு தடவை லேட்டுன்னா வேற இடம் பாத்துக்க."

நாற்பத்தாறு வயதில் வேறு இடம் எங்கே பார்ப்பது? பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வெய்யோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீயா? நாலு நாள் தாங்க மாட்ட, மகராணி!"

"நீயே ஓட்டுற. அது என்ன பெரிய வித்தையா?" என்றேன்.

நாலாம் நாள். வியாழக்கிழமை. மைனஸ் இருபத்திரண்டு. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. பனி தள்ளும் வண்டி இன்னும் வரவில்லை. மணி 6:14. சக்கரம் புதைந்து புதைந்து நகர்ந்தது. ஏழு மணிக்குள் போய்ச் சேர மாட்டேன் என்று தெரிந்தது.

அப்போதுதான் முன்னால் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தேன். சைக்கிள்காரன் ஒருவன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பனியில் முன்னால் போகிறவர் தடம் போடுவார். பின்னால் வருகிறவர் அதிலேயே மிதிக்கலாம். முன்னால் போகிறவர் களைத்துவிட்டால் கையை உயர்த்திக் காட்டுவார். அடுத்தவர் முந்திப் போய்த் தடம் போட வேண்டும். தடம் கிடந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள்.

நான் அவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

6:21. அவன் ஆற்றில் இறங்கினான். உறைந்த ஆற்றின் மேல் கிளைகள் நட்டு அடையாளம் வைத்த குறுக்குப் பாதை அது. பத்து நிமிடம் மிச்சம். வேலை தப்பியது என்று நினைத்தேன்.

இந்தக் குளிரில் மூச்சு விட்டால் புகையாக வரும். அவனிடம் புகையே வரவில்லை. கையுறையும் இல்லை. வெறும் கை.

இதுவும் ஒரு வீரம் போல, பைத்தியம்... என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் டயர்களில் ஆணி பதித்திருக்கும். பனிக்கட்டியில் ஓடும்போது சத்தம் வரும். கரகர... கரகர...

பிரேக் பிடித்தேன். சத்தம் நின்றது.

அவன் போய்க்கொண்டிருந்தான். சத்தமே இல்லாமல்.

இடது பக்கம் பார்த்தேன். அடையாளக் கிளைகள் எங்கோ தூரத்தில் தெரிந்தன. நாங்கள் பாதையில் இல்லை.

6:26. மறுபடி மிதித்து அவனை நெருங்கினேன். அவன் கையை உயர்த்தினான். 'நீ முன்னால் போ.'

எனக்கு எரிச்சல் வந்தது. இவனுக்காக நான் ஏன் பனியில் சாக வேண்டும்?

"முடியாது! நீயே போ!" என்று கத்தினேன்.

கை இறங்கவில்லை.

"முடியாதுன்னா முடியாது!"

விளக்கு அணைந்தது.

அவன் இல்லை.

தடமும்... எனக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், பாதியில் முடிந்திருந்தது. அதற்கு அப்பால் பனி சாம்பல் நிறம். ஈரம். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்.

க்ளக்... க்ளக்...

சைக்கிளைத் திருப்பினேன். வந்த வழியில் ஒரே ஒரு சைக்கிளின் தடம்தான் இருந்தது. என்னுடையது.

6:34. கரையில் ஏறினேன். எதிரே வெய்யோ.

"என்ன மகராணி, திரும்பிட்டியா? நான்தான் சொன்னேனே!"

ஐஸ் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இளிப்பைப் பார்த்தேன். ஏன் திரும்பினாய் என்று கேட்பான். என்ன சொல்வது? வசந்தம் வரைக்கும் சமையல்கூடமே சிரிக்கும். இருபது குளிர்காலம் பார்த்த பெரிய மனிதனுக்குத் தெரியாதா, போகட்டும் என்று நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டேன்.

"தடம் போட்டு வச்சிருக்க, நல்லாயிரு!" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

நான் பாலத்து வழியாகப் போனேன். அங்கே பனி தள்ளியிருந்தார்கள். 6:41-க்குப் பாலத்தின் நடுவில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். 6:55-க்கு வேலையில் இருந்தேன். மிர்யா கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

7:20-க்குத் தொலைபேசி அடித்தது.

அனல் மின் நிலையத்தின் வெந்நீர் ஆற்றில் கலக்கிற இடமாம் அது. பனிக்கட்டி உடைந்து வெய்யோ உள்ளே போயிருக்கிறான். தூண்டில் போட வந்த ஒரு கிழவர் இழுத்துப் போட்டிருக்கிறார். உயிர் தப்பியது. குளிரில் உறைந்து கால்விரல்கள் ஐந்து போயின.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெய்யோ என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் ஒடுங்கினான். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"ஹெல்கா... உனக்கு நான் என்ன பண்ணினேன்?"

"என்ன சொல்ற?"

"கரையில உன்னப் பாத்தேன். நீ பாலத்துப் பக்கம் போன. ஏழு நிமிஷம் கழிச்சு, ஆத்து நடுவுல, எனக்கு முன்னால நீ! அதே மஞ்சக் கோட்டு, அதே சைக்கிள். நான் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. கையத் தூக்கி என்னை முன்னால போகச் சொன்ன."

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"நம்ம ஆளுதானேன்னு நம்பித்தான் போனேன்..."

அந்த ஏழாவது நிமிடம் நான் பாலத்தின் மேல் இருந்தேன். லாரிக்காரனைத் தேடிப் பிடித்து சாட்சி சொல்ல வைக்கலாம். ஆனால் அது நான் இல்லை என்று வெய்யோவிடம் சொல்ல, இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.