பொலிஸ் திருத்திய கூரை

பேர்கனில் மழைக்கு யாரும் ஓடுவதில்லை. கொழும்பில் முதல் துளி விழுந்ததுமே காலி வீதியில் நிற்கிற சனம் முழுக்கக் கடை வாசல்களுக்குள் பாயும், ஓட்டோக்காரர் விலையை ஏற்றுவார். இந்த நோர்வே நகரத்தில் மழை பெய்யப் பெய்ய மனிதர்கள் அதே வேகத்தில் நடக்கிறார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரப்பர் உடுப்பை மாட்டி மழைக்குள்ளேயே விளையாட விடுகிறார்கள். வந்த புதிதில் நான் மட்டும் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடுவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு இங்கெர் என்னை நிறுத்தி, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டாள். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டாள். இல்லை, மழை என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் தோளை மெல்லத் தடவிவிட்டுப் போனாள். எங்கள் நாட்டில் யுத்தம் நடப்பதை அவளும் செய்தியில் பார்த்திருப்பாள்.

ஆனால் இந்த மழைக்குக் கொட்டத் தெரியாது. செபமாலை சொல்லும் கிழவிகளைப் போல முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். நான் பாட்டுக்காரி என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். அதுவும் என் பாட்டை நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே கிற்றாரைத் தட்டிப் பாடுகிறவள். இதற்கு நோர்வேக்காரர் 'வீசெ' பாடகி என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இதற்குப் பெயர் வேலைவெட்டி இல்லாதவள்.

எங்கள் தெருச் சந்தியில் ஒட்வார் என்பவர் ஒரு கபே வைத்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் யாரும் ஏறிப் பாடலாம். நான் ஏறி, ஒழுகுகிற எங்கள் கூரையைப் பற்றிக் கொழும்பில் எழுதிய பாட்டைப் பாடினேன். பாடி முடித்ததும் என்ன பொருள் என்று ஒட்வார் கேட்டார். என்னிடமிருந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில், "தெ ரெய்னர் இன்னெ" என்றேன். உள்ளே மழை பெய்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள்ளே என்று சொல்ல வந்தேன், வீடு என்ற சொல் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. ஒட்வார் நெஞ்சில் கையை வைத்து, "உள்ளே..." என்று பெருமூச்சு விட்டார். முன் மேசையில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்தாள். இல்லை, வாளி, வாளி என்று கையால் காட்டினேன். கண்ணீர் வாளி வாளியாக வடிந்ததைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அவள் இன்னும் அழுதாள்.

இந்தப் பாட்டின் தலைவிதியே இப்படித்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் பாட்டுக்குள் போனதற்குக் காரணம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பா. யாரோ கப்பல்காரரிடம் பழைய கிற்றார் ஒன்றை வாங்கி வந்தார். அதில் ஐந்து கம்பிகள்தான் இருந்தன. ஆறாவது என்று ஒன்று உண்டென்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, பிறகு கலியாண வீடுகளில் பாடும் இசைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். இந்தியச் சினிமாப் பாட்டுக்குச் சனம் கை தட்டும், பைலாவுக்கு எழும்பி ஆடும். நடுவில் தண்ணீர்ப் பைப்படிச் சண்டையைப் பற்றியோ பஸ் கொண்டக்டரைப் பற்றியோ என் சொந்தப் பாட்டை எடுத்தால், வாத்தியக்காரர்களே சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவார்கள். ரேடியோவில் குரல் தேர்வொன்றுக்குப் போனபோது, குரல் பரவாயில்லை, தமிழ்தான் கொச்சை என்றார்கள். கொச்சிக்கடைக்குப் பக்கத்தில் பிறந்தவளிடம் வேறென்ன தமிழை எதிர்பார்த்தார்களோ தெரியாது.

என்னை நம்பியவர் தவம் அண்ணை ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில், கசற் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் ஒன்று வைத்திருந்தார். அதைச் சுற்றி லொட்ஜுகள், லொட்ஜுகள் நிறைய வெளிநாட்டுக்குக் காத்திருக்கும் வடக்குச் சனம். கடையின் பின்னறையில் மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்து என் எட்டுப் பாட்டுகளைப் பதிந்தார். ரயில் போகிற நேரமெல்லாம் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். நூறு கசற் பிரதி எடுத்தோம்.

"தங்கச்சி, ரேடியோக்காரர் போடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தால் உனக்குக் கிழவியாகின பிறகுதான் பேர் வரும். ரோட்டால போறவைக்குப் போட்டுக் காட்டுவம்" என்று சொல்லி, ஸ்பீக்கரைத் தூக்கிக் கடை வாசலில் வைத்தார். வெளியே நல்ல மழை. அதனால் மழைப் பாட்டையே போட்டார்.

கொட்டிக் கொட்டி வருகுது
கூரை வழியா வருகுது
கட்டிலுக்குக் கீழ ஒளிச்சாலும்
காலைத் தேடி வருகுது

எங்கள் வீட்டு ஒழுக்கைப் பற்றி நான் எழுதியது இவ்வளவுதான். முந்திய கிழமைதான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. கடைக்கு எதிரே, வீதியின் அந்தப் பக்கத்தில், துவக்கோடு காவல் நிற்கிற சென்றி பொயின்ற். சிங்களத்தில் கொட்டி என்றால் புலி. நான் பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிறவள், தவம் அண்ணையும் பத்து வருடம் கொழும்பில் கடை நடத்தியவர். எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் இது உறைக்கவில்லை என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டிருந்த காதுக்கு மழைதான் கேட்டது.

அரைமணி நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து எங்களையும் கசற்றுகளையும் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸ் நிலையத்தில் தமிழ் கொஞ்சம் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர், கசற்றைப் போட்டுப் போட்டு நிறுத்தி சார்ஜன்ட்டுக்கு மொழிபெயர்த்தார். "கொட்டி எனவா. வஹலென் எனவா." புலி வருகிறது, கூரையால் வருகிறது. கட்டிலுக்குக் கீழே ஒளித்தாலும் விடாது. மனிதர் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு உள்ளே போன பிள்ளைகள் வருடக்கணக்கில் வெளியே வரவில்லை.

சார்ஜன்ட் வயதானவர், தடித்த கண்ணாடி. அது மழை, எங்கள் கூரை ஒழுகுகிறது, தமிழில் கொட்டுவது என்றால் ஊற்றுவது என்று சிங்களத்தில் அழுது அழுது சொன்னேன். மேசையில் இருந்த தேநீரைச் சாசரில் ஊற்றியும் காட்டினேன். நான் ஊற்றிய தேநீரை அவர் பார்த்தார். "எல்லாரும் ஒவ்வொரு கதை சொல்றாங்க, நங்கி" என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி. பிறகு ஜன்னலால் மழையைப் பார்த்துவிட்டு, "சரி, நட. கூரையைக் காட்டு" என்றார். தவம் அண்ணையை அங்கேயே இருத்திவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நான் எல்லாப் புனிதர்களிடமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மழை விடக் கூடாது.

மழை விடவில்லை. எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஏழு வாளியும் இரண்டு சட்டியும் நடு வீட்டில் நிரந்தரமாக இருக்கும். விருந்தாளி வந்தால் வாளிகளுக்கு நடுவில்தான் கதிரை போடவேண்டும். அந்த ஏழு வாளியும் என்னைக் காப்பாற்றும் என்று உள்ளே போனேன். ஒரு வாளியும் இல்லை. நிலம் துடைத்து மினுங்கியது. மேசையில் பூப்போட்ட விரிப்பு. அம்மா நல்ல சீலை உடுத்துக்கொண்டு நின்றார்.

ஜீப் சந்தி நெரிசலில் மாட்டி நின்றபோதே பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து சொல்லிவிட்டாராம். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றுதான். வீடு இருக்கிற கோலத்தை அவர்கள் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

"அம்மா, வாளி எல்லாம் எங்க?"

"என்ன வாளி?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பிறகு சார்ஜன்ட் பக்கம் திரும்பி, மாதா சுரூபத்தைப் போல நிமிர்ந்து நின்று, "லீக் எகக்வத் நே மஹத்தயா" என்றார். ஒரு ஒழுக்குக்கூட இல்லை, ஐயா.

"அம்மா, எங்கட வீடு ஒழுகுது எண்டு சொல்லுங்க! சொல்லாட்டி என்னைக் கொண்டு போயிருவாங்க!"

"வாயை மூடு. ஆக்களுக்கு முன்னால வீட்டு மானத்தை வாங்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அம்மா. என்னைப் பெற்றவர், என்னை உள்ளே தள்ளுவதற்கு அரசாங்கத்துக்கே இல்லாத அக்கறையோடு நின்றார்.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா காட்டிய கதிரையில் இருந்தார். அது வழமையாக நாலாம் வாளி இருக்கும் இடம். முதல் துளி அவருடைய வழுக்கையில் விழுந்தது. இரண்டாவது கண்ணாடியில். அவர் மேலே அண்ணாந்து பார்த்த நேரம் பார்த்து, தகரத்துக்கும் வளைக்கும் நடுவில் தேங்கி நின்றதெல்லாம் ஒரேயடியாக முகத்தில் இறங்கியது. கொன்ஸ்டபிள் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். அம்மா, "யேசுவே!" என்று கட்டிலுக்குக் கீழிருந்து வாளியை இழுத்தார். அதன் பின்னாலேயே மற்ற ஆறும் உருண்டு வந்தன.

சார்ஜன்ட் முகத்தைத் துடைத்துவிட்டு ஏழையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "கொட்டி" என்று என் உச்சரிப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சிரித்தார். தேநீர் குடித்தார். போகும்போது, "நான் நம்புறன், நங்கி. இன்னொருத்தன் நம்ப மாட்டான். வேற சொல் போடு" என்றார்.

அன்றைக்கே தவம் அண்ணையை விட்டார்கள். கசற்றுகளைத் தரவில்லை. அடுத்த கிழமை அதே மெத்தைகளுக்கு நடுவில் நின்று, கொட்டி என்ற இடமெல்லாம் சொட்டி என்று பாடினேன். ஆறாகக் கொட்டிக்கொண்டிருந்த கூரை சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. அரசாங்கம் எங்கள் கூரையில் செய்த ஒரே திருத்த வேலை அதுதான். சொட்டிச் சொட்டி நன்றாக விற்றது, பம்பலப்பிட்டியில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடித் திரிந்தார்கள். கொட்டியைப் பொலிஸ் மாற்ற வைத்த கதையும் பாட்டோடு சேர்ந்து பரவியது. எனக்கென்றால் ஒவ்வொரு முறை பாடும்போதும் எரிச்சல் வரும். சொட்டுகிற மழை கட்டிலுக்குக் கீழே காலைத் தேடி வருமா? என் பாட்டின் எலும்பையே உருவி எடுத்துவிட்டார்கள்.

கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்தபோது, மற்றவர்கள் வீடு, கார் என்று கனவு கண்டார்கள். என் கனவு ஒரு எழுத்துத்தான். ஒரு மண்டபம் நிறையத் தமிழ் தெரிந்த சனத்துக்கு முன்னால் நின்று, கொட்டி என்று வாய் நிறையப் பாடவேண்டும், அது மழை என்று அவர்களுக்குக் கேட்கவேண்டும்.

போன மாதம் அந்த அழைப்பு வந்தது. ஒஸ்லோவில் தமிழர் கலைவிழா. ஏழு மணி நேரம் ரயிலில் போனேன். மேடைக்கு ஏற முன்னர் ஏற்பாட்டாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். புலிப் பாட்டுப் பாடியதற்காகச் சிங்களப் பொலிஸ் சிறைபிடித்த வீரப் பாடகி என்று என்னை அறிமுகப்படுத்தினார். மண்டபம் எழும்பி நின்றது. கொழும்பில் எனக்கு ஒருவரும் எழும்பி நின்றதில்லை, உயிர் நீத்தவர்களுக்கும் தேசிய கீதத்துக்கும்தான் எழும்புவார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்ததை ஒளிக்கப் போவதில்லை. வெட்கமாகவும் இருந்தது. உண்மையாகவே இழந்தவர்கள் அந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

"மன்னிக்கவேணும், அது புலி இல்லை. எங்கட வீட்டு ஒழுக்கு" என்றேன். அம்மாவையும் ஏழு வாளிகளையும் சார்ஜன்ட்டின் வழுக்கையையும் ஒன்று விடாமல் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பொலிஸை எப்படி ஏமாற்றிப் பேய்க்காட்டியிருக்கிறாள் பாருங்கள் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"இல்லை, உண்மையாகவே மழைதான்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், மிகுந்த அன்போடு வந்தது. "அக்கா, இங்க பொலிஸ் இல்லை. பயப்பிடாமப் பாடுங்கோ!"

மண்டபம் முழுக்கக் கை தட்டத் தொடங்கியது. நான் கிற்றாரை எடுக்க முன்னரே, "கொட்டிக் கொட்டி வருகுது" என்று அவர்களே பாடினார்கள். குழந்தைகள் கை முஷ்டியை உயர்த்தினார்கள். நான் இத்தனை வருடம் தவித்த சொல், என் சொந்தச் சொல், ஆயிரம் பேர் வாயில் இருந்தது. அதில் ஒரு துளி மழை இல்லை. அழுகை வந்தது. அவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். அந்தப் பாட்டில் எங்கள் கூரை இன்னும் மிச்சமிருந்த ஒரே சொல் பொலிஸ்காரர் போடச் சொன்ன சொல்தான். நான் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, சொட்டிச் சொட்டி என்று பாடினேன். கடைசி வரி வரைக்கும் அப்படியேதான் பாடினேன். ஒலிவாங்கி என்னிடம்தான் இருந்தது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை.