அந்த எக்ஸ் யார் பக்கம்?

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். போன வாரம் நான் எடுத்த ஒரு பாடத்தால், ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சே நின்றுபோனது!

பாடம் என்னவோ அமர்க்களமாகத்தான் போனது. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூல், பத்தாம் வகுப்பு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாத நிறக்குருடு எக்ஸ் வழியாக வரும். மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டும்தான். அவனுடைய ஒரே எக்ஸ் அம்மா கொடுத்தது.

"ஆக, பையனுக்கு நிறக்குருடு யார்கிட்டேருந்து வரும்?"

"அம்மாகிட்டேருந்து!" வகுப்பே அதிர்ந்தது. இருபது வருஷ சர்வீஸ், சும்மாவா? நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பவ்யா முகம் வீங்கி வந்தாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். அவளுடைய அண்ணன் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகி, மெடிக்கலில் நிறக்குருடு என்று தெரிந்து திரும்பி வந்தவன். அந்த வேதனை இன்னும் வீட்டில் ஆறவில்லை.

"சோறு துன்னும்போது நான்தான் மேடம் சொன்னேன்... அண்ணனுக்கு இது அம்மா வழியா வந்துதுன்னு. அப்பலேர்ந்து நைனா அம்மாகூட பேசறதில்ல. எம்புள்ள வேலைய நீதான் கெடுத்தன்னு சொல்லிட்டாரு. அம்மா அழுதுக்கினே கீது."

எனக்குச் சுருக்கென்றது. வந்த வழியைச் சொன்ன நான், அதில் யார் தப்பும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னேனா? கைதட்டல் வாங்கிக்கொண்டு பெல் அடித்ததும் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. அவள் நைனாவை வரச் சொன்னேன்.

மறுநாளே வந்தார் முனிரத்தினம். தக்காளி போடுகிற விவசாயி. உட்காரக்கூட இல்லை.

"நீங்க சொன்னதுதானே மேடம்? எம்மேல தப்பில்லன்னு புக்லயே கீதாமே!"

"தப்புங்கற வார்த்தையே புக்ல இல்லீங்க. சரி, உங்க வீட்டம்மாவுக்கு அதை யார் கொடுத்தாங்க? உங்க மாமனாருக்குக் கலர் தெரியுமா?"

"எங்க மாமாவுக்கா? புத்தூர்ல சாயப்பட்டறையில இருந்தவரு மேடம். நூல்ல சாயம் துளி ஏறினாலும் கண்டுபிடிச்சிடுவாரு."

"அப்போ அவர் இல்ல. மாமியார் வழிதான்."

"அதான் மேடம்! அந்தப் பக்கமே..." சட்டென்று நிறுத்தினார்.

ஏன் நிறுத்தினார்? பாடப் புத்தகத்து வம்ச வரைபடத்தில் மாப்பிள்ளை ஒரு குடும்பம், பெண் வேறு குடும்பம். நம்ம பக்கம் அப்படியா? சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அக்கா மகளைக் கட்டுகிறோம். முனிரத்தினமும் அப்படித்தான் கட்டியிருக்கிறார். மாமியார் என்றால் வேறு யாருமில்லை... கூடப் பிறந்த அக்கா!

நான் விடுவேனா? போர்டில் அவர்கள் வம்ச வரைபடத்தைப் போட்டு, அக்காவிலிருந்து ஒரு கோடு மேலே இழுத்தேன்.

"உங்க அக்காவுக்கு யார் கொடுத்திருப்பாங்க? உங்க அப்பாவுக்குக் கலர் தெரியுமா?"

"வரப்புல நின்னுக்கினே எது காய், எது பழம்னு சொல்லிடுவாரு..." குரல் இறங்கிவிட்டது. "அப்போ... எங்கம்மாவா மேடம்?"

"அநேகமா. அவங்களோட ரெண்டு எக்ஸ்ல ஒண்ணுல இருந்திருக்கும். அது அக்காவுக்குப் போச்சு. நல்லது உங்களுக்கு வந்துது. எல்லாம் குலுக்கல்தான். அவங்க தெரிஞ்சு கொடுத்தாங்களா, நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

இப்போதுதான் உட்கார்ந்தார்.

"எங்கம்மாகிட்ட இத சொல்லிடாதீங்க மேடம். பேரன் வேலை தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா சோறே துன்ன மாட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க வீட்டம்மா மட்டும் மூணு நாளா துன்றாங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் முதல் வேலையாக அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். கொடுக்கிறவர்களுக்கே தெரியாமல் போகிற சங்கதி இது, பழி சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று மூன்று தரம் சொன்னேன். பெல் அடித்தும் விடவில்லை. பவ்யாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"நைனா பேசினாரா?"

"பேசினாரு மேடம். நேரா அம்மாகிட்ட போயி, காப்பி குடுன்னாரு."

மன்னிப்புக் கேட்க நம்ம பக்கத்து ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்!

"அம்மா கொடுத்தாங்களா?"

"எனக்குக் கை ஓடல, நீயே போட்டுக்க மாமான்னு சொல்லிடுச்சு."

"போட்டாரா?"

"ரெண்டு டம்ளர் போட்டாரு மேடம்."