ஒன்பதாயிரத்து அறுநூறு

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், பெட்டிகளை வெளியே அனுப்பும் மேஜை என்னுடையது. ஒவ்வொரு பெட்டியின் பார்கோடையும் ஸ்கேனரில் காட்டினால் எண் கம்ப்யூட்டரில் ஏறும். நான் ஐந்தாவது வரை படித்தவன். அதிகம் பேச மாட்டேன். பேசாதவனுக்கு எதுவும் தெரியாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் காலை ஸ்கேனர் செத்துப்போனது. ஸ்டோரிலிருந்து வேறொன்றை மாட்டினோம். சத்தம் வந்தது; திரையில் எண்ணுக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. ஸ்கேனர் அனுப்பும் வேகமும் கம்ப்யூட்டர் வாங்கும் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். வேகத்தை மாற்றுவதற்கும் பார்கோடுதான். ஸ்கேனரோடு வரும் புத்தகத்தில் அச்சடித்திருப்பார்கள், ஸ்கேனரால் அதைப் படித்தால் போதும்.

என்னைவிட இளையவரான சூப்பர்வைசர், நின்றபடியே ஸ்கேனரைப் புத்தகத்தை நோக்கிப் பிடித்து இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்தினார். குப்பைதான் வந்தது.

"இன்னா அண்ணாத்த, கீழ போட்டுட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னாத்துக்கு இப்டி கக்குது? அஞ்சாங்கிளாஸ் கையில மிசினு குடுத்தா இப்டிதான். நாளைலருந்து லோடிங்குக்குப் போயிடு."

என் இடுப்பு ஆபரேஷன் ஆனது. லாரியில் பெட்டி ஏற்றும் லோடிங்குக்குப் போனால் ஒரு மாதத்தில் நானே வேலையை விட்டுவிடுவேன். அது அவருக்கும் தெரியும்.

"அந்த புக்க குடு சார்," என்றேன்.

"இங்கிலீசு படிப்பியா?" பெட்டி ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள்.

"நம்பரு படிப்பேன்."

முன்பு சர்வீஸுக்கு வந்தவர் கம்ப்யூட்டர் பக்கவாட்டில் டேப் ஒட்டி, அது வாங்கும் வேகத்தை 9600 என்று எழுதியிருந்தார். அவர் செய்ததையும் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் பார்கோடுகள் நெருக்கமாக இருக்கும்; ஸ்கேனர் வெளிச்சம் அகலமாக விழுந்து அடுத்த வரியைப் பிடித்துவிடும். அதனால் மற்றதையெல்லாம் தன் அடையாள அட்டையால் மூடிக்கொள்வார். சூப்பர்வைசர் எதையும் மூடவில்லை. 9600க்குக் கீழே இருந்த 19200ஐத்தான் ஸ்கேனர் பிடித்திருந்தது.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து இரண்டு துண்டு எடுத்தேன். மேலேயும் கீழேயும் மூடி, முதலில் மாற்றத்தைத் தொடங்கும் பார்கோடு, பிறகு 9600, கடைசியில் அதை முடிக்கும் பார்கோடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஸ்கேனர் படித்தது. பெட்டியைக் காட்டினேன். எண் சுத்தமாக ஏறியது.

"ஏதோ லக்கு," என்று சூப்பர்வைசர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"லக்கு இல்ல சார். நீங்களே மறுபடி கெடுத்து வைங்க, மறுபடி சரி பண்றேன். நான் கீழ போடலன்னு மட்டும் இவங்க முன்னாடி சொல்லுங்க."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, யாரையும் கேட்காமல் என் மேஜையிலேயே போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. ஒரு துண்டு அட்டையில் ஒரு பார்கோடு மட்டும் தெரியும்படி சின்னதாக ஜன்னல் வெட்டி, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். புத்தகத்தை ஸ்டோரிலிருந்து இருமுறை கேட்டுவிட்டார்கள். கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை.